ஆலங்கட்டி நாளில் அழையாமல் வந்த பாய்

வெகு காலத்துக்கு முன்னால், மேகங்கள் வீதியில் இறங்கி ஆட்களோடு ஆட்களாக நடந்துகொண்டிருந்த காலத்தில், மஞ்சுக்குன்றம் என்றொரு மலைநாடு இருந்தது. குன்றாதித்தன் என்ற அரசன் அதை ஆண்டான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் அந்த நாட்டை ஆண்டது வானம்தான்.

அங்கே காலையில் கம்பளி போர்த்திக்கொண்டு புறப்பட்டவன் மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து நிற்பான். சாயங்காலம் தொப்பலாக நனைந்து வீடு திரும்புவான். ராஜாவின் வெண்கொற்றக் குடையைப் பெருமைக்குப் பிடித்ததைவிட மழைக்குப் பிடித்ததுதான் அதிகம். மற்ற ஊர்களில் ஆளைக் கண்டால் "சாப்பிட்டாச்சா?" என்பார்கள். மஞ்சுக்குன்றத்தில் "வானம் எப்படி?" என்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் வானம் வேறொன்றாகிவிடும்.

கோட்டைக்குப் பின்னால், மலைச்சரிவில், அரசன் நாற்பது பாத்திகள் வகுத்து, நிலமில்லாத நாற்பது குடும்பங்களுக்குக் காய்கறி போடக் கொடுத்திருந்தான். அதற்கு மூன்று சட்டங்கள் இருந்தன. ஆவணி மாதத்துக் காய்நாளில் ஒரு கூடை காய் காட்டாதவரின் பாத்தி, காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். பாத்திக்காரர் கூப்பிடாமல் அடுத்தவர் மண்ணில் யாரும் கால் வைக்கக் கூடாது. வைத்தால், வைத்தவரின் பாத்தி மிதிபட்ட மண்ணுக்குச் சொந்தக்காரரைச் சேரும். காய் திருட்டு அதிகமாகிப் போட்ட சட்டங்கள். நல்ல சட்டங்கள்தான், யார் இல்லை என்றது?

அந்த நாற்பதில் ஒரு பாத்தி நாச்சாளுடையது. அரண்மனைக் கொட்டடியில் கம்பளி நூற்பவள். புருஷன் இல்லை, மூன்று பெண் பிள்ளைகள். ஆறு வருஷம் காத்துக் கிடந்து வாங்கிய பாத்தி அது. வீட்டில் உலை கொதித்தால் அதில் விழுவது அந்த மண்ணில் விளைந்ததுதான்.

நாச்சாளுக்குக் கை சுத்தம், மனசு சுத்தம். வாய்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

பக்கத்துப் பாத்தி பாய் முடையும் வேலாண்டியுடையது. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசும் மனுஷன். முன்பெல்லாம் நாச்சாள் "வேலாண்டி அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிட்டவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பேய்க்காற்றில், வேலாண்டி நாற்றின் மேல் விரித்திருந்த பாய் ஒன்று எகிறிப் பறந்துபோய் அவளுடைய முளைக்கீரை முழுவதையும் நசுக்கிப் போட்டது. அவ்வளவுதான், நாச்சாள் வரப்பில் நின்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

"யோவ், இனிமே என் மண்ணுல உன் நிழல்கூட விழக் கூடாது, ஆமாம்!" என்றாள்.

வேலாண்டி பாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார். காற்று செய்த வேலைக்கு மனுஷனைத் திட்டினோமே என்று அன்றைக்குச் சாயங்காலமே அவளுக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்வது? வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது தொண்டையில் உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. இரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே வரப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள்.

இந்தக் கதை நடந்த வருஷம் நாச்சாள் அவரைக்காய் விதைத்தாள். சித்திரையில் முதல் விதைப்பு. ஐப்பசியில் வர வேண்டிய மழை ஆறு மாதம் முந்திக்கொண்டு வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போனது. வெயில் வந்ததும் இரண்டாம் விதைப்பு. அந்த வெயில் என்ன செய்தது தெரியுமா? நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்து முளையை வறுத்துவிட்டுத்தான் போனது. மடியில் மிச்சம் ஒரு பிடி விதை. அதை வைகாசி நடுவில் மூன்றாம் விதைப்பாகப் போட்டாள். இதுவும் போனால் காய்நாளில் கூடை காலி. கூடை காலியானால் பாத்தி காலி.

அவள் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விதை முளைத்தது, கொடி ஏறியது, ஆடி மாதத்தில் பந்தல் முழுக்கப் பூத்தது. மூன்று பெண்களும் தினமும் வந்து பூவை எண்ணிவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒரு நாள், நல்ல வெயிலடித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், சடசடவென்று ஆலங்கட்டி விழுந்தது.

நாச்சாள் கோட்டைக்கு அந்தப் பக்கம் கொட்டடியில் நூற்றுக்கொண்டிருந்தாள். கூரையில் சத்தம் கேட்டதும் நூற்கும் கதிரைப் போட்டுவிட்டு ஓடினாள். தலையிலும் தோளிலும் கல் விழுந்தது. வழியெல்லாம் "ஐயோ என் பூவு, ஐயோ என் பூவு" என்று புலம்பிக்கொண்டே ஓடினாள். பாத்திக்கு வந்து மூச்சு வாங்க நின்றபோது ஆலங்கட்டி விட்டிருந்தது. பார்த்தால், அவரைப் பந்தலின் மேல் இரண்டு கோரைப் பாய்கள் இழுத்துக் கட்டிக் கிடந்தன. பாயைத் தூக்கினாள். ஒரு பூ உதிரவில்லை. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்தப் பின்னல் யார் பின்னல் என்று ஊருக்கே தெரியும். வேலாண்டியிடம் இருந்தது மூன்று பாய். அவருடைய பூசணிப் பாத்தியில் ஒரே ஒரு பாய் கிடந்தது. மீதிப் பாத்தியில் கொடியெல்லாம் கிழிந்து தொங்கியது. ஆளைக் காணோம்.

நாச்சாள் அழுதாள். அழுதுவிட்டுப் பாயை உதறி, மடித்து, வரப்பில் அவர் பக்கமாக வைத்தாள். மறுநாள் எதிரே வந்தவரிடம் நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். வீம்பு விடவில்லை. வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். சீ, இதென்ன பிறவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துக் காய்நாள் வந்தது. நல்ல வெயில். அரசன் குடையோடு வந்து வரப்பு வரப்பாக நடந்தான். வேலாண்டி முக்கால் கூடைப் பூசணியோடு, நல்லவேளையாக முளைத்த முள்ளங்கியையும் வைத்துக் கூடையை நிரப்பியிருந்தார். நாச்சாளின் கூடை விளிம்பு தட்டியது. "பலே!" என்றான் அரசன். பெண்கள் மூவரும் கை தட்டினார்கள்.

அப்போதுதான் பாத்திக் கண்காணி முன்னால் வந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சட்டத்தைக் காக்கிற மனுஷன்.

"மகாராஜா, ஆலங்கட்டி விழுந்த அன்னிக்கு வேலாண்டி இந்த அம்மா மண்ணுல கால் வச்சதை நான் கண்ணால பார்த்தேன். அப்போ இந்த அம்மா பக்கத்துலயே இல்லை. சட்டப்படி அவர் பாத்தி இந்த அம்மாவுக்குச் சேரணும்."

அரசன் திரும்பி, "நாச்சாள், நீ கூப்பிட்டாயா?" என்று கேட்டான்.

கூப்பிட்டேன் என்றால் பொய்; ராஜா முன்னால் பொய் சொன்னால் அவள் பாத்தியும் போய்விடும். கூப்பிடவில்லை என்றால் உண்மை. அந்த உண்மைக்கு இரண்டாவது பாத்தி கிடைக்கும், மூன்று பிள்ளைகளும் வயிறாரச் சாப்பிடும், வேலாண்டி தெருவில் நிற்பார். பேசாமல் நின்றாலும் கூப்பிடவில்லை என்றுதான் கணக்கு. நாச்சாள் திரும்பி வேலாண்டியைப் பார்த்தாள். அவர் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சாள் விறுவிறுவென்று வரப்பில் ஏறினாள். தொண்டையைச் செருமினாள்.

"வேலாண்டி அண்ணே! ஓடி வாங்கண்ணே! என் பாத்தியில ஆலங்கட்டி விழுது, பாயைக் கொண்டாங்கண்ணே!"

சுள்ளென்று வெயில். கூட்டம் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தது. அவள் இறங்கி வந்து கைகூப்பினாள்.

"கூப்பிட்டுட்டேன் மகாராஜா."

"ஆலங்கட்டி விழுந்து மூன்று வாரம் ஆகிவிட்டதே அம்மா!"

"நம்ம நாட்டுல எது மகாராஜா நேரத்துக்கு வருது? ஐப்பசி மழை சித்திரையில வந்துச்சு. பங்குனி வெயில் வைகாசியில வந்துச்சு. உங்க பிறந்தநாள் ஊர்வலத்தையே மழைக்காக மூணு தரம் தள்ளி வச்சீங்க. வானம் முன்னப்பின்ன வந்தா எல்லாரும் பொறுத்துக்கறோம். என் கூப்பாடு மூணு வாரம் பிந்திப் போச்சு. தப்பு அண்ணன் மேல இல்லை. ரெண்டு வருஷமா என் தொண்டையில வீம்பு அடைச்சிருந்துச்சு, இப்பதான் வழிவிட்டுச்சு."

அரசன் கண்காணியைப் பார்த்தான். "முதலில் கூப்பிட்டுத்தான் பிறகு கால் வைக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதா?"

கண்காணி ஓலையைப் புரட்டினார். மூன்று தரம் புரட்டினார். "கூப்பிடணும்னு இருக்கு. எப்போன்னு இல்லை, மகாராஜா" என்றார். சொல்லிவிட்டு, பாவம், அவரும் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். கூட்டமும் சிரித்தது. "வேலாண்டி, பாத்தியே போய்விடும் என்று தெரிந்துமா கால் வைத்தாய்?" என்று கேட்டான்.

அன்றைக்குத்தான் வேலாண்டி நீளமாகப் பேசினார். "என் பாய் போய்த்தானே அந்தக் கீரை கெட்டுச்சு, சாமி. என் பாயாலேயே ஒரு தரம் பொழைக்கட்டுமேன்னு தோணிச்சு. அதுக்கு மேல நின்னு யோசிச்சிருந்தா பூ போயிருக்கும்."

நாச்சாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் கூடையிலிருந்து பாதி அவரைக்காயை அள்ளி அவர் துண்டில் போட்டாள். ஆலங்கட்டி விழும்போது மட்டும் கூப்பிடாமலும் அடுத்தவர் பாத்திக்குள் போகலாம் என்று அன்றே ஓலையில் நாலாவது சட்டம் ஏறியது. எழுத்தாணி கடைசி எழுத்தைத் தொடும்போது பொட்டுப் பொட்டென்று தூறல் விழ ஆரம்பித்தது. நாச்சாளும் மூன்று பெண்களும் ஓடிப்போய் வேலாண்டி விரித்துப் பிடித்த பாய்க்கு அடியில் நின்றார்கள். குடைக்காரன் எங்கோ வேடிக்கை பார்க்கப் போயிருந்ததால், ராஜாவும் அங்கேதான் வந்து நின்றான்.

ஆகவே பெரியோர்களே, பிள்ளைகளே: வானத்தை நம்ப முடியாத ஊரில் மனுஷருக்கு மனுஷர்தான் துணை என்பதால், பக்கத்துப் பாத்திக்காரரைக் கூப்பிட வீம்பு பார்க்கக் கூடாது.