மரநாய் கொடுத்த கௌரவம்

குளக்கரை மருதமரத்துப் பொந்துக்கு அந்தக் காட்டில் ஏகப்பட்ட கிராக்கி. எத்தனை மழை கொட்டினாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. கார்காலத்துக்கு முன்னால் இலைச்சீட்டு ஆடி, ஜெயித்தவர் அதில் குடியேறுவது வழக்கம். மூன்று வருஷமாக ஜெயித்தது மரநாய்தான்.

தோற்றது முள்ளம்பன்றி. போன மழையில் அதன் வளைக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. இரண்டு குட்டிகளும் நனைந்து, இருமி, பிழைத்ததே பெரும்பாடு. இந்த வருஷமும் தோற்றால் குட்டிகள் தாங்காது.

ஆட்டம் சுலபம். ஆளுக்கு ஐந்து இலை, சின்னதிலிருந்து பெரிதாக: புளி, வேம்பு, புங்கு, ஆல், தேக்கு. ஒருவர் ஓர் இலை போட, மற்றவர் பதிலுக்கு ஓர் இலை போடுவார். பெரிய இலை போட்டவருக்கு அந்தச் சுற்று. போட்ட இலை திரும்பக் கைக்கு வராது.

"எனக்கும் அதே ஐந்து, அவருக்கும் அதே ஐந்து. நான் மட்டும் ஏன் தோற்கிறேன்?" முள்ளம்பன்றிக்கு விளங்கவே இல்லை. எல்லாம் தலையெழுத்து என்று நொந்துகொண்டது.

மரநாயோ பணிவுக்குப் பேர்போனது! ஒவ்வொரு சுற்றிலும் குனிந்து, "முதல் இலை போடுறது பெரிய கௌரவம் தங்கச்சி! நீ போடு, நான் பின்னால போடுறேன்" என்னும். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்துக் காட்டுக்கோழி கண்கலங்கும்.

இந்த வருஷம் ஆட்டத்துக்கு முந்தின நாள் முள்ளம்பன்றி பழகிப் பார்க்க நினைத்தது. முள்ளுக்குப் பயந்து யாரும் துணைக்கு வரவில்லை. அதனால் வலது காலுக்கு ஐந்து இலை, இடது காலுக்கு ஐந்து இலை என்று பிரித்துவைத்துத் தனக்குத்தானே ஆடியது. வலது முதலில் போட்டது, இடது ஜெயித்தது. மறுபடியும் இடது. மூன்றாம் முறையும் இடதுதான்!

"இதென்ன கூத்து! இந்தக் காலுக்கு மட்டும் என்ன அதிர்ஷ்டம்?"

பிறகு இடதை முதலில் போடவிட்டது. இப்போது வலது ஜெயித்தது! முள்ளம்பன்றி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"பின்னால போடுறவர் முன்னால விழுந்த இலையைப் பார்த்துட்டுத்தானே போடுறார்! அடப்பாவி மரநாயே!"

மறுநாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. உடும்புதான் நடுவர். மரநாய் வழக்கம்போலக் குனிந்தது.

"போடு தங்கச்சி, கௌரவம் உனக்குத்தான்!"

"ஐயோ வேண்டாம் அண்ணே! மூணு வருஷமா எனக்கே குடுத்துட்டீங்க. இன்னைக்கு எல்லாச் சுற்றிலும் அந்தக் கௌரவம் உங்களுக்கு!"

"எனக்கெதுக்கும்மா அதெல்லாம்?"

"பெரிய கௌரவம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்... ஆனா இன்னைக்கு எனக்கு இருமல்!"

"இலை போடுறதுக்கும் இருமலுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றது உடும்பு. "அண்ணனைக் கௌரவிக்கணும்!" என்று காட்டுக்கோழி சிறகடித்தது.

மரநாய் வேறு வழியில்லாமல் தேக்கிலையைப் போட்டது. முள்ளம்பன்றி புளியிலையை எறிந்தது. "பார்த்தீங்களா, அண்ணன் ராசி!" என்று கூவியது கோழி. அதோடு சரி. ஆலுக்குத் தேக்கு விழுந்தது, புங்குக்கு ஆல், வேம்புக்குப் புங்கு. கடைசியில் மிஞ்சிய புளிக்கு வேம்பு. நாலுக்கு ஒன்று! குட்டிகள் இரண்டும் பொந்துக்குள் பாய்ந்தன. முள்ளம்பன்றிக்குச் சந்தோஷத்தில் முள்ளெல்லாம் சிலிர்த்தது.

"இனி வருஷாவருஷம் நீயே பின்னால போடு, பொந்து உனக்குத்தான்" என்று காதைக் கடித்தது, இப்போது சூட்சுமம் புரிந்துவிட்ட காட்டுக்கோழி.

முள்ளம்பன்றிக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் மூன்று மழை நனைந்தது மறக்குமா? ரகசியத்தை எல்லோரிடமும் போட்டு உடைத்தது. "அடுத்த வருஷத்திலிருந்து ஒரு சுற்று அவர் முதல்ல, மறு சுற்று நான் முதல்ல!"

"ஐந்தாவது சுற்று?" என்றது உடும்பு.

"அப்போ ஆளுக்கு ஒரே இலைதானே மிச்சம்! யார் முதல்ல போட்டா என்ன?"

மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டு நின்ற மரநாயைப் பார்த்து முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை.

"மழை விடுற வரைக்கும் உள்ள வாங்க அண்ணே. முதல்ல நீங்க நுழையுங்க!"

"முதல்லயா? நான் மாட்டேன்மா, நீயே முதல்ல போ!" என்று பதறியது மரநாய்.

முதலிடம் கொடுப்பதெல்லாம் மரியாதை ஆகிவிடாது. முறை மாறி மாறி வந்தால்தான் ஆட்டம் நியாயமாகும்.