லாபம், ரெண்டு, மூணு

நெல்லை மரக்காலால் அளந்துகொண்டிருந்த காலத்தில், மண்டித் தெருவில் காலை முழுவதும் ஒரு குரல் கேட்கும். "லா...பம்" என்று அது தொடங்கும். மரக்கால் நிறைந்து, தலை மட்டமாக வழிக்கப்பட்டு, சாக்குக்குள் கவிழும் வரை அந்தச் சொல் நீண்டுகொண்டே இருக்கும். நெல் விழும் சரசரப்பு அடங்கிய பிறகுதான் "ரெண்டு" என்று அடுத்தது எழும். முதல் மரக்காலை யாரும் "ஒண்ணு" என்று சொல்வதில்லை. வியாபாரம் லாபத்தில் தொடங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

அந்தத் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பாலர் பள்ளி இருந்தது. ஓர் ஆண்டு அதில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. அதைக் கேட்டு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். இருவருக்கும் நாலு வயது. தலைமையாசிரியை ஞானாம்பாள், கோமதி டீச்சர், ரெஜினா டீச்சர் ஆகிய மூவரும் ஒரு தட்டு நிறையப் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் வந்தவன் ரகுநந்தன். தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தரின் மகன்.

"எண்ணத் தெரியுமா கண்ணு?" என்று ஞானாம்பாள் கேட்டார்.

பையன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பித்தான். கூடவே அவன் அம்மாவின் உதடுகளும் அசைந்தன.

"சமத்து! சரி, இதிலே ஏழு கொட்டை எடுத்துக் குடு பார்ப்போம்."

பையன் தட்டைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் அள்ளி மேசைமேல் கொட்டினான்.

"ஏழா அது?" என்றார் கோமதி.

அவன் மறுபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

"கொட்டையெல்லாம் வெச்சுப் பழக்கலை டீச்சர், ஸ்லேட்டுதான்," என்றார் அம்மா. "தினம் சாயங்காலம் நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன். இன்னும் ஒரு வருஷம்கூட வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துடுவேன். ஆனா எதிர்வீட்டுப் பையன் சேர்ந்துட்டான். மாடியிலே துணி காயப்போடப் போனாலே அவன் அம்மா, 'உங்க பிள்ளை இன்னும் சேரலையா, இன்னும் சேரலையா'ன்னு உயிரை எடுக்கறா."

அடுத்து வந்தவள் பூங்காவனம். மண்டியில் நெல் அளக்கும் சாமிக்கண்ணுவின் மகள். தாய் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போவதால், பிள்ளை பொழுதெல்லாம் தகப்பனோடு மூட்டைகளுக்கு நடுவே கிடக்கும்.

ஏழு கொட்டை எடு என்றதும் அவள் தட்டோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு கொட்டையை எடுத்து, "லா...பம்" என்று இழுத்தபடியே தள்ளி வைத்தாள். "ரெண்...டு", "மூ...ணு" என்று ஒவ்வொன்றாக வைத்து, ஏழில் நிறுத்தினாள். கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

கோமதி டீச்சர் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"லாபமாவது! ஒண்ணு எங்கேடி போச்சு?" என்றார் ஞானாம்பாள்.

"இங்கதான இருக்கு," என்று முதல் கொட்டையைக் காட்டினாள் பூங்காவனம்.

"அதுக்கு என்ன பேரு?"

"லாபம்."

சாமிக்கண்ணு பதறிப்போனார். "ஒண்ணுன்னு சொல்லு தாயி! மன்னிச்சுக்குங்கம்மா. ஒண்ணுன்னு வாயெடுத்தா எங்க முதலாளி என்னை நெல்லோட சேர்த்து மூட்டை கட்டிருவாரு. அதையே கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு புள்ளை."

ரெஜினா டீச்சர் கையை நீட்டி, "எனக்கு ஒண்ணே ஒண்ணு குடு," என்றார். பிள்ளை யோசிக்காமல் ஒரு கொட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

பிறகு ரெஜினா அவளிடம் ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்தார். அவள் அதை முதலில் முகர்ந்து பார்த்தாள். உள்ளே ஒரு கிளி இருந்தது. அதைத் தடவினாள். பிறகு தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் அதன் முதுகைத் தேடினாள்.

"இந்த வருஷம் இடம் இல்லேன்னா, அடுத்த வருஷம் அழைச்சிட்டு வருவீங்களா?" என்று ரெஜினா கேட்டார்.

"அடுத்த வருஷத்தை இப்ப எப்படிம்மா சொல்றது?" என்றார் சாமிக்கண்ணு.

எல்லாரும் போன பிறகு மூவரும் பேசினார்கள்.

"நூறு வரைக்கும் சொல்றான் ஒருத்தன். முதல் எண்ணையே தப்பாச் சொல்றா ஒருத்தி. இதிலே யோசிக்க என்ன இருக்கு? இடம் பையனுக்கு," என்றார் ஞானாம்பாள்.

"அவன் பாடினது பாட்டு, அக்கா. எண்ணினது அவதான். நல்லா எண்ணினவளுக்குத்தானே இடம்? அவ ஜெயிச்சுட்டா," என்றார் கோமதி.

ரெஜினா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஜெயிச்சவளுக்குக் கொடுக்க இது என்ன ஓட்டப்பந்தயமா? வேற எங்கேயும் கத்துக்க வழி இல்லாத பிள்ளைக்குத்தான் நம்ம இடம். அவளுக்கு மண்டி சொல்லிக் கொடுத்துடுச்சு. எண்ணுன்னா என்னன்னு பையனுக்குத்தான் இன்னும் தெரியலை. அதனால பையனுக்கே இருக்கட்டும்."

இரண்டு பேர் சொன்னபடி, இடம் ரகுநந்தனுக்குப் போயிற்று.

ஒருவர் அறிவைப் பார்த்தார், ஒருவர் திறமையைப் பார்த்தார், ஒருவர் தேவையைப் பார்த்தார். இந்த மூவரில் யார் சொன்னது சரி? சற்று நிறுத்தி, யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: மூவரில் எவர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. ஞானாம்பாள் அறிவு என்று நினைத்தது வெறும் மனப்பாடம். நாலு வயதில் எண் முதலில் விரலுக்குத்தான் வரும். அதன் பெயர் எதுவானாலும் பள்ளியில் ஒரு வாரத்தில் திருத்திவிடலாம். கோமதி சரியான பிள்ளையைச் சொன்னார், தவறான காரணத்துக்காக. ரெஜினா சரியான காரணத்தைச் சொன்னார், தவறான பிள்ளைக்காக. வேறு வழி இல்லாத பிள்ளை எது என்ற அவருடைய கேள்வியையே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பையனுக்கு வீட்டில் ஸ்லேட்டு இருந்தது, தினம் கூட உட்காரும் தாய் இருந்தாள், எதிர்வீட்டுப் பேச்சைத் தவிர அவசரம் எதுவும் இல்லை. ஒரு பிடி புளியங்கொட்டை கிடைத்தால் அந்தத் தாயே ஏழு என்றால் என்னவென்று புரியவைத்திருப்பாள். மண்டியோ தனக்கு வேண்டிய எண்ணை மட்டுமே பூங்காவனத்துக்குக் கொடுத்தது. புத்தகம் அங்கே இல்லை. ஆகவே ரெஜினாவின் காரணப்படி, இடம் கோமதி சொன்ன பிள்ளைக்கு.

மறு ஆண்டு பள்ளி திறந்தபோது ரெஜினா டீச்சர் தாமாகவே சாமிக்கண்ணுவின் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்படி கேட்டார். பூங்காவனத்துக்குத் தம்பி பிறந்திருந்தான். தாய் ஆலைக்குப் போயிருந்தாள். தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பூங்காவனம் வீட்டில் இருந்தாள்.