இரும்பு வண்டியில் ஏறிய கணினி

“அம்மா, எல்லாத்தையும் துறக்கச் சொல்றீங்க. அந்தப் பழைய கம்ப்யூட்டரை மட்டும் ஏன் விடமாட்டேங்கறீங்க?” என்று கேட்டார் பஞ்சநதம்.

தயாபரி அம்மா அந்த மலையடிவார ஆசிரமத்தின் குரு. வருகிறவர்களுக்குக் காது சோதித்து, காது மெஷின் பொருத்துவதும் அவர்தான்.

பஞ்சநதம் அவரைவிட இருபது வயது மூத்த சீடர். ஒரு கம்பெனியில் கணினிப் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர்.

“உங்களுக்கு அது இடைஞ்சலா இருக்கா?” என்றார் அம்மா.

“பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்துது அம்மா. நெட்ல இணைச்சா ஆபத்து. ஆன் பண்ணிட்டு ஒரு தூக்கம் போடலாம். அதான் புதுசு வந்தாச்சே.”

“சரி. எடுத்துடுங்க.”

மறுநாள் காலை பழைய இரும்புக்காரர் வந்தார். பஞ்சநதமே அதைத் தூக்கி வண்டியில் வைத்தார். திரும்பி வந்து மேஜையைத் துடைத்தார். மனசு லேசாக இருந்தது.

வண்டி போன கொஞ்ச நேரத்தில், சவரிமுத்து என்ற லாரி மெக்கானிக் மனைவியுடன் வந்தார். பிறவியிலேயே காது மந்தம். காதில் மாட்டியிருந்த மெஷினில் ஒரே இரைச்சல், பேச்சு புரியவில்லை.

பஞ்சநதம் அதைப் புதிய கணினியில் மாட்டினார்.

கருவி எதுவும் இணைக்கப்படவில்லை என்றது திரை.

கழற்றி மறுபடி மாட்டினார். அதே பதில்.

“இது ரொம்பப் பழைய மெஷின்மா. வேற மாத்திக்கறதுதான் நல்லது.”

“மாத்திப் பார்த்தோங்க,” என்றார் மனைவி லூர்து. “என் குரல் வேற யாரோ பேசற மாதிரி இருக்குன்னு கழட்டி வெச்சுட்டார். வீட்ல பேச்சே நின்னுபோச்சு.”

சவரிமுத்து இருவருடைய உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சநதம் குருவைப் பார்த்தார்.

“இந்த மெஷினோட சாஃப்ட்வேர் அந்தப் பழசுல மட்டும்தான் ஓடும்,” என்றார் அம்மா. “வண்டி பாலத்தைத் தாண்டியிருக்காது.”

பஞ்சநதம் செருப்பு மாட்டவும் நிற்கவில்லை.

பாலத்தருகே வண்டியைப் பிடித்தபோது பேச மூச்சு இல்லை. கணினியைக் கையால் காட்டினார்.

“என்ன சாமி, மனசு மாறிடுச்சா?” என்றார் இரும்புக்காரர்.

கணினி மேஜைக்குத் திரும்பியது. ஆற அமர ஓடத் தொடங்கியது. நான்கு பேரும் காத்திருந்தார்கள்.

சவரிமுத்துவின் மெஷின் திரையில் தெரிந்தது.

அம்மா இரைச்சலைக் குறைத்தார். பேச்சுக்குரலைக் கொஞ்சம் ஏற்றினார். மெஷினைக் காதில் மாட்டிவிட்டார்.

லூர்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, சன்னமாக, “வீட்டுக்குப் போலாமா?” என்றார்.

“போலாம்,” என்று எழுந்தார் சவரிமுத்து.

அவர்கள் போன பிறகும் பஞ்சநதம் மேஜையை விட்டு நகரவில்லை.

“அம்மா, இப்படி ஒருத்தர் வருவார்னு நேத்தே சொல்லியிருக்கலாமே?”

“நேத்து எனக்கும் தெரியாதே. அதனாலதான் அதை விடாம வெச்சிருந்தேன்,” என்றார் தயாபரி அம்மா.