இசக்கிராஜ் கிராக்கி பிடித்த ஞாயிற்றுக்கிழமை

இசக்கிராஜ் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியில் பாதியை நம்புவது என்று அம்பாசமுத்திரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாடசாமியின் சலூனில் அவன் சொன்னதற்கு அந்தக் கணக்கும் போதவில்லை.

அவனும் அவன் மனைவி கோமதியும் மிக்சி ரிப்பேர் கடை மாடியில் ஓர் அறை பிடித்து வெப்சைட் செய்து கொடுத்தார்கள். வேலை முழுக்க கோமதியுடையது. கிராக்கி பிடிப்பது மட்டும் இசக்கிராஜ். பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஒன்றிரண்டு வேலை வந்து, அதுவும் நின்றுபோயிற்று. உள்ளூரில் ஒரு கடை கூட சிக்கவில்லை.

அன்று காலையில் தோசையைத் திருப்பிப் போட்டபடியே கோமதி சொல்லிவிட்டாள்.

"மெட்ராஸ் கம்பெனியில எனக்கு வேலை தாறோம்னு சொல்லி நாளைக்குப் பதில் கேட்டிருக்காவ. இன்னைக்கு உள்ளூர்ல ஒரு கடை வந்தா இங்கனயே இருப்போம். வரலன்னா நம்ம போர்டைக் கழட்டிட்டு நான் கிளம்புதேன். நீங்களும் வாங்க. ஆனா அங்க உங்க பேச்சைக் கேக்க ஒருத்தருக்கும் நேரம் இருக்காது, பாத்துக்கிடுங்க."

கடைசியாகச் சொன்னதுதான் இசக்கிராஜைக் கிளப்பிவிட்டது. அரைத் தோசையோடு எழுந்து நேராக சலூனுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்காரர்களை ஓடவிடாமல் பிடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. முகத்தில் சோப்பு நுரையோடு யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

நாற்காலியில் நுரையோடு சாய்ந்திருந்தார் பரமசிவம் அண்ணாச்சி. பந்தல், நாற்காலி, அண்டா, பிரேதம் வைக்கிற ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணமோ சாவோ, அவர் சாமான் இல்லாமல் ஊரில் ஒன்றும் நடக்காது. பெஞ்சில் காஜா மைதீன் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தமடைப் பாய் விற்பவர். ஊர் அவரை 'பாய்க்கடை பாய்' என்றுதான் கூப்பிடும்.

"மாமா, உங்க கடைக்கு ஒரு வெப்சைட் போட்டிருவமா?" என்று இசக்கிராஜ் ஆரம்பித்தான்.

"எதுக்கு மாப்ள?" என்றார் காஜா மைதீன் பேப்பரிலிருந்து தலை எடுக்காமல். "முக்குத் திரும்புனா என் கடை. கண்ணு தெரியாதவன் கூட வந்திருவான்."

"அப்படிச் சொல்லாதிய. கடையத்துப் பக்கம் ஒரு பாய் வியாபாரி இப்படித்தான் சொன்னாரு. கோமதி அவருக்கு ஒரு வெப்சைட் போட்டா. பாயை எப்படிப் போட்டோ புடிச்சாளோ, திறந்து பாத்தவன்லாம் போனைக் கையில வச்சுக்கிட்டே தூங்கிட்டான். 'வாங்கு'ன்னு ஒரு பட்டன் இருக்கு பாத்தியளா, அதுக்கு விரல் போறதுக்குள்ள கொறட்டை. ஒரு பாய் கூட விக்கல."

"அப்போ நட்டம்லா?" என்றார் மாடசாமி, கத்தியைத் தீட்டியபடி.

"கேளுங்க. பட்டனுக்குப் பக்கத்துல ஒரு சேவலை வச்சா கோமதி. ஆள் தூங்குனா அது கூவும். அவன் எந்திரிச்சுப் பட்டனை அமுக்குவான். வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போச்சு. ஒரே ஒரு சங்கடம், கடையத்துல உள்ள நிசச் சேவல்லாம் இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கூவ ஆரம்பிச்சு, சூரியன் பதறியடிச்சு சீக்கிரமே வந்துட்டாரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்லாம் ஏசுச்சு."

காஜா மைதீன் பேப்பரை மடித்தார். "எங்க அக்காவைக் கடையத்துலதான்வே கட்டிக் குடுத்திருக்கு. அவ ஒண்ணும் சொல்லலியே?"

"தூங்கியிருப்பாவ, மாமா."

மாடசாமி சிரித்துவிட்டார். கத்தி ஆடியதும் பரமசிவம் அண்ணாச்சி கண்ணைத் திறந்து ஒரு முறை முறைத்தார். சிரிப்பு வந்ததில் இசக்கிராஜுக்குச் சூடு பிடித்துக்கொண்டது.

"அதாவது பரவால்ல. தண்ணிக்குப் போர் போடுத ஒருத்தருக்கு வெப்சைட் போட்டோம். 'பூமிக்குள்ள என்னெல்லாம் இருக்குன்னு காட்டணும்'னாரு. விரலால தள்ளத் தள்ள, பக்கம் கீழ போய்க்கிட்டே இருக்கும். செம்மண்ணு, சுக்கான்பாறை, கரும்பாறைன்னு வரும். ஆலங்குளத்துல ஒரு விவசாயி, பொழுது போகாம தள்ளிக்கிட்டே இருந்திருக்காரு. திடீர்னு போன்ல இருந்து தண்ணி பீச்சியடிச்சுது பாருங்க! மொகத்துல அடிச்சு, கூரை ஓட்டைப் பிச்சுக்கிட்டு மேல போய், தோட்டத்துக் கொளம் நெறைஞ்சு, வாழை குலை தள்ளிருச்சு."

"நல்ல தண்ணியா, உப்புச் சவரா?" என்றார் காஜா மைதீன்.

"மொதல்ல சவருதான். கோமதி கம்ப்யூட்டர்ல ரெண்டு வரி திருத்துனா. பொறவு கரும்புச் சாறு மாதிரி இருந்துச்சு."

"அந்தச் சவத்துப் பேச்சை விடுங்கடே," என்று நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது. பரமசிவம் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கன்னம் மழித்து, ஒரு கன்னம் வெள்ளையாக இருந்தது. "ஏ இசக்கி, பாய் விக்கவனும் போர் போடுதவனும் விளம்பரம் செய்யலாம். நான் செய்யலாமா? 'வாங்க, வாங்க, எங்க ஐஸ் பெட்டியில வந்து படுங்க'ன்னு கூப்பிடவா? கேக்கவன் செருப்பால அடிக்க மாட்டான்?"

அது நியாயமான கேள்விதான். நிதானமாக யோசித்திருந்தால் அதற்கு ஒரு நல்ல பதில் அவனுக்கே கிடைத்திருக்கும். ஆனால் அவன் வாய் அவனை முந்திக்கொண்டு கிளம்பிவிட்டது.

"அண்ணாச்சி, உங்க தொழிலுக்குத்தான் நாங்க போட்டதுலயே பெரிய வெப்சைட். தென்காசிப் பக்கம் ஒரு ஐஸ் பெட்டிக்காரரு. பெட்டி மேல ஒரு க்யூஆர் கோட் ஒட்டி வச்சோம். ஒரு வீட்டுல பெரியவரு தவறிப்போயி பெட்டிக்குள்ள படுத்திருக்காரு. சுத்தி ஒப்பாரி. பேரன் அந்த க்யூஆர் கோடு மேல போனைக் காட்டுனான் பாருங்க, வெப்சைட் தொறந்த வெளிச்சத்துல பெரியவரு சடக்குன்னு எந்திரிச்சு உக்காந்துட்டாரு!"

"அடப்பாவி," என்றார் மாடசாமி.

"பேரன் கையில இருந்து போனை வாங்கி, அஞ்சு ஸ்டார் போட்டாரு. கண்ணாடி இல்லாமலே எழுதுனாரு, 'சுகமான குளிர். குடும்பத்தோடு வரலாம்'னு. போனைத் திருப்பிக் குடுத்துட்டு மறுபடியும் படுத்துட்டாரு. விட்ட இடத்துல இருந்து ஒப்பாரி தொடர்ந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பரமசிவம் அண்ணாச்சி துண்டை எடுத்து மிச்ச நுரையைத் துடைத்தார்.

"கோமதி எம் மகளோட படிச்ச பிள்ளை. பொய் சொன்னா அவளுக்குத் திக்கும். போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு. அவ சொல்லட்டும்."

கோமதி போர்டைக் கழட்ட ஏணி எடுப்பது இசக்கிராஜ் கண்ணுக்குத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் போனைப் போட்டான்.

"கோமதி, நான் பரமசிவம் பேசுதேன். ஐஸ் பெட்டிக்குள்ள இருந்து ஒரு பிரேதம் எந்திரிச்சு, உங்க வெப்சைட்டுல அஞ்சு ஸ்டார் போட்டுச்சாம்லா. நிசமா தாயி?"

அந்தப் பக்கம் மிக்சி ஓடுகிற இரைச்சல் கேட்டது. அது நின்றது.

"அஞ்சுன்னா சொன்னாவ?" என்றாள் கோமதி. "பொய் அண்ணாச்சி. நாலுதான். கால் நீட்ட இடம் காணலன்னு ஒண்ணைக் கொறைச்சிட்டாரு."

கொஞ்சங்கூடத் திக்கவில்லை. காஜா மைதீன் பெஞ்சிலிருந்து சரிந்தே விட்டார். மாடசாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் மனைவியைத் தனக்குச் சரியாகத் தெரியாது என்று இசக்கிராஜுக்கு அப்போதுதான் உறைத்தது.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தவள் போலக் கோமதி பேசினாள். "அவுக சொல்லுததை விடுங்க அண்ணாச்சி. விளம்பரம் உங்களுக்கு வேண்டாம். ஆனா பிள்ளைகள்லாம் மஸ்கட்டுலயும் சிங்கப்பூர்லயும் கெடக்கு. இங்க அப்பா தவறிட்டாருன்னு போன் வந்தா, யார்கிட்டப் பெட்டி கேக்க, எங்கன பந்தல் சொல்லன்னு தெரியாமத் தவிக்குதுவ. உங்க பேரு, நம்பரு, என்ன சாமான் கைவசம் இருக்குன்னு போட்டு வச்சா, அதுக அங்க இருந்தே சொல்லிரும். அவ்வளவுதான் வெப்சைட்."

"போன மாசம் ஒரு பையன் தோஹாவுல இருந்து பேசுனான்," என்றார் அண்ணாச்சி. "ஊரெல்லாம் கேட்டு என் நம்பரை வாங்குறதுக்குள்ள விடிஞ்சுட்டுன்னு அழுதான்." துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு காலையில கடைக்கு வா தாயி. போட்டோ புடிக்கணும்னா சாமானை எல்லாம் கழுவி வைக்கச் சொல்லுதேன்."

இசக்கிராஜ் மூச்சு விட்டான். மெட்ராஸ் கம்பெனி எங்கோ தொலைவில் கரைந்து போயிற்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சரிங்க அண்ணாச்சி, நாங்க ரெண்டு பேருமா வந்திருதோம்," என்றான்.

பரமசிவம் அண்ணாச்சி மறுபடியும் நாற்காலியில் சாய்ந்து, மழிக்காத கன்னத்தை மாடசாமியிடம் திருப்பினார்.

"அவ மட்டும் வரட்டும். நீ வந்து பேசி, பெட்டியில படுத்திருக்கவங்கள்லாம் எந்திரிச்சு உக்காந்துட்டா, நான் தொழிலுக்கு எங்கனடே போக?"