பெயரைப் பறிகொடுத்த மாதுளை

அந்தக் காலத்தில் மரங்களுக்குப் பேச்சு இருந்தது. அதற்காக ஓயாமல் வாயடித்துக்கொண்டிருக்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிற கைக்கு மட்டும் பதில் சொல்லும். கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் சும்மா நிற்கும். பொய் சொல்ல மட்டும் அவற்றுக்குத் தெரியாது. தெரியாததாலே, அடுத்தவர் சொல்வது பொய்யா என்று சந்தேகப்படவும் தெரியாது.

மேற்கே, பல கடல் தாண்டிய ஒரு நாட்டில், மலைமேல் ஓர் ஊர் இருந்தது. சுற்றிலும் மதில், மதிலைச் சுற்றி ஆழமான அகழி. கீழே பள்ளத்தாக்கில் இன்னோர் ஊர். மலையூரும் பள்ளத்தூரும் ஒரே மொழி பேசின, ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடித்தன. அந்த ஆற்றுக்காகவே தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டன.

மலையூரில் ஒலிவா என்று ஒருத்தி இருந்தாள். கணவன் காய்ச்சலில் போன பிறகு, கொல்லையில் நின்ற ஒரே ஒரு மாதுளை மரம்தான் அவளுக்குச் சோறு போட்டது. அவர்கள் மொழியில் 'கிரானா' என்றால் மணி, விதை. உள்ளே மணி நிறைந்திருப்பதால் மாதுளைக்குக் 'கிரனாட்' என்று பெயர். ஒலிவா கூடையைத் தலையில் வைத்து, "கிரனாட்! கிரனாட்!" என்று கூவிக்கொண்டு போவாள். நல்ல கணீரென்ற குரல். சந்தை நாட்களில் பள்ளத்தூருக்கும் இறங்கிப் போவாள். அவள் குரல் கேட்டதும் அந்த ஊர்க் குழந்தைகள் வாசலுக்கு ஓடிவரும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாளில் மாதுளம்பழம் தானாகத் திறக்காது. பழுத்து, வாடி, மண்ணில் விழுந்து கிடந்தாலும் வாயை மூடியபடியே கிடக்கும். மனிதக் கை பிளந்தால்தான் உண்டு.

ஒலிவாவோடு அவள் தம்பி கஸ்பார் இருந்தான். குயவன். சக்கரத்தில் உட்கார்ந்தால் சாப்பாட்டையும் மறந்துவிடுவான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "சூளை ஆறட்டும் அக்கா" என்று தள்ளிப்போடுவான்.

ஒரு கோடையில் ஆறு வற்றியது. பள்ளத்தூர்ப் படை மலையூரை வளைத்துக்கொண்டது. மலையூர்த் தளபதி குயவர்களையெல்லாம் கூப்பிட்டு, மண்கலத்தில் கருமருந்தை அடைத்துத் திரி வைத்துக் கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள். மதில்மேலிருந்து எறிந்தார்கள். சத்தம் வந்தது, புகை வந்தது. ஆனால் கலம் இரண்டாகவோ மூன்றாகவோ உடைந்து விழுந்தது, அவ்வளவுதான். கீழே இருந்த சிப்பாய்கள், "மலையூரில் யார் வீட்டுச் சண்டை? சட்டி உடைகிறதே!" என்று கேலி பேசினார்கள்.

நாற்பது நாள் போனது. மாவு தீர்ந்தது. கிணற்றில் வாளி சேற்றைத்தான் மொண்டுவந்தது. பள்ளத்தூர்க்காரர்கள் விறகையும் மண்ணையும் கொட்டி அகழியை ஒரு பக்கம் தூர்த்துக்கொண்டே வந்தார்கள். இன்னும் மூன்று நாளில் மதிலைத் தொட்டுவிடுவார்கள். தொட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்னொரு சண்டையில் மலையூர்க்காரர்கள் பள்ளத்தூருக்குள் புகுந்து செய்ததுதான் இங்கேயும் நடக்கும்.

அன்று காலை ஒலிவா வீட்டுக்கு ஒரு பழம் என்று தெருவுக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். தங்கள் பங்குக்கு ஒன்றைப் பிளந்தாள். கஸ்பார் சாப்பிடாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இவ்வளவு சிறிய பழத்துக்குள் இத்தனை மணியா, அக்கா?"

"இன்றைக்குத்தான் பார்க்கிறாயா? தின்னுடா."

"எப்படி அடைத்திருக்கிறது என்று மரத்திடம் கேட்டுச் சொல்லேன். நான் கேட்டால் சொல்லாது. நான் ஒரு நாள்கூடத் தண்ணீர் ஊற்றியதில்லை."

எதற்கு என்று ஒலிவா கேட்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். தனக்கென்று மிச்சம் வைத்திருந்த அரைக் குவளைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

வேரில் தண்ணீர் பட்டதும் மரம், "உனக்கு இல்லாமல் எனக்கா?" என்றது.

"இருக்கட்டும். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் பழத்தில் மணிகளை எப்படி அடைக்கிறாய்?"

இதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. மரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "யாருக்குத் தெரிய வேண்டும்?"

"தம்பிக்கு. கலம் செய்கிறான்."

"கலத்துக்குள் என்ன வைப்பான்?"

மதிலுக்கு அப்பால் மண் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"மணிதான்" என்றாள்.

மரம் மகிழ்ந்து சொன்னது: "அப்படியானால் கேள். தோல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுகியிருக்க வேண்டும். உள்ளே அறை அறையாகத் தடுக்க வேண்டும். மணியோடு மணி முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வெளியே வர எல்லாவற்றுக்கும் ஒரே அவசரம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வித்தை."

ஒலிவா அதை அப்படியே தம்பியிடம் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கஸ்பார் இரண்டு நாள் சக்கரத்தைவிட்டு எழவில்லை. மாதுளையளவு உருண்டைகள் செய்தான். மாதுளையின் தலையிலிருக்கும் கிரீடம் போலவே கழுத்து வைத்து அதில் திரியைச் செருகினான். உள்ளே மருந்தோடு இரும்பு மணிகள். அதைப் பார்த்த சிப்பாய் ஒருவன், "அட, கிரனாட்!" என்றான். மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். எறியும்போது தம் ஆட்கள் குனிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, "கிரனாட்!" என்று உரக்கக் கத்திவிட்டு எறிவது என்று ஏற்பாடாயிற்று.

மூன்றாம் நாள் காலையில் பள்ளத்தூர்ப் படை தூர்த்த அகழிமேல் ஏறி வந்தது. மேலிருந்து கத்துகிற சத்தம் கேட்டுச் சிலர் அண்ணாந்து பார்த்தார்கள். சட்டி உடையப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். பொழுது உச்சிக்கு ஏறுவதற்குள் அகழியில் இருநூறு பேர் கிடந்தார்கள். மீதிப் பேர் அன்றே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். மலையூரில் மணி அடித்தார்கள்; கஸ்பாரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அவன் கீழே இறங்கி வந்து, கை கழுவத் தண்ணீர் கேட்டான். தண்ணீர் இல்லை.

இரண்டு வருடம் கழித்து நல்ல மழை பெய்தது. ஆறு இருவருக்கும் போதுமென்று ஓடியது. சமாதானம் ஆயிற்று. பள்ளத்தூர்ச் சந்தை திரும்பக் கூடுகிறது என்று கேள்விப்பட்ட ஒலிவா, கூடை நிறையப் பழத்தோடு இறங்கினாள். உள்ளூர அச்சம்தான். ஆனாலும் அங்கே ஓடிவரும் குழந்தைகளை நினைத்துக்கொண்டு போனாள்.

சந்தை நிறைந்திருந்தது. யாரும் அவளை அடையாளம் கண்டு முகம் சுளிக்கவில்லை. தைரியம் வந்தது. கூடையை இறக்கி, ஒரு பழத்தைக் கையில் உயர்த்திப் பிடித்து, பழைய கணீர்க் குரலில் கூவினாள்.

"கிரனாட்!"

சந்தை முழுவதும் தரையில் விழுந்தது.

ஆண்கள் வண்டிக்கடியில் புகுந்தார்கள். கழுதை கட்டறுத்துக்கொண்டு ஓடியது. பாலாடைக்கட்டி விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி தன் மகளைக் கீழே தள்ளி அவள்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய சந்தையில் நின்றுகொண்டிருந்தது ஒலிவா ஒருத்திதான், உயர்த்திய கையோடு.

ஒன்றும் வெடிக்கவில்லை. ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். பாலாடைக்கட்டி விற்கிறவள் எழுந்து, மகளின் முகத்திலிருந்த மண்ணைத் துடைத்துவிட்டு, ஒலிவாவிடம் வந்தாள். அவள் பெயர் தெயோரா. கணவன் அகழியில் போனவன்.

"கையில் என்ன?" என்று கேட்டாள்.

"பழம், அம்மா. மாதுளை. முன்பும் இங்கே விற்றிருக்கிறேனே."

தெயோரா அந்தப் பழத்தை வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை. "முன்பு வாங்கியிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கும்" என்றாள். பிறகு, "அந்தப் பெயரை இங்கே சொல்லாதே. சொன்னால் உன்னைக் கல்லால் அடிப்பார்கள். முதல் கல் என்னுடையதாக இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

ஒலிவா ஊருக்குத் திரும்பியதும் நேரே தம்பியிடம் போனாள். இப்போது அவன் தளபதியின் பட்டறையில் தலைமைக் குயவன். அவனுக்குக் கீழே முப்பது பேர்.

"அதற்கு வேறு பெயர் வை. இடி என்று வை, பேய் என்று வை. எதையாவது வை. மாதுளையின் பெயரைத் திருப்பிக் கொடு."

கஸ்பார் தலைநிமிரவில்லை. "நானா வைத்தேன் அக்கா? எவனோ ஒரு சிப்பாய் வாயில் வந்தது. போன மாதம் வடக்கேயிருந்து ஒரு ராஜாவின் ஆள் வந்தான். நம் மொழி தெரியாது. அந்த ஒரு சொல் மட்டும் தெரிந்திருந்தது. நாலு ராஜ்யத்தில் நடமாடுகிற சொல்லை நான் எங்கே போய்ப் பிடிப்பேன்?"

அதன்பிறகுதான் ஒலிவா மரத்திடம் போனாள். வேரில் தண்ணீர் ஊற்றினாள். எல்லாவற்றையும் சொன்னாள், 'மணிதான்' என்று தான் சொன்னது எந்த மணி என்பதையும் சொன்னாள்.



"மணி என்றாய். நானும் மணி என்றே நினைத்தேன்" என்றது மரம்.

"ஊரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது."

"காப்பாற்றினாய். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. நீ கேட்டபோது உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை நான் பதில் சொல்லியிருப்பேன். உன்னைச் சாகவிடுவேனா? ஆனால் தெரிந்து சொல்லியிருப்பேன்."

ஒலிவா அழுதாள். "உன் பெயரை மீட்டுத் தர என்னால் முடியவில்லை."

"முடியாது. பெயர் என்னிடம் இருந்ததில்லையே, உங்கள் வாயில்தானே இருந்தது. என்னிடம் இருப்பது பழம் ஒன்றுதான். இதுவரை அதை மூடி வைத்தேன். பிளந்து பார்க்கிறவனுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. இனிமேல் மூடி வைக்க மாட்டேன். பழுத்ததும் கொம்பிலேயே திறந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளட்டும். இன்னொன்றும் சொல்கிறேன், ஒலிவா. எவர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்குக் கண்டறியத் தெரியவில்லை. அதனால் இனி நான் பேசப்போவதில்லை."

அதற்கப்புறம் அவள் எத்தனை குடம் ஊற்றியும் மரம் வாய் திறக்கவில்லை. அந்த வருடம் பழங்கள் பழுத்தபோது, ஒவ்வொன்றும் கொம்பில் தொங்கியபடியே பக்கவாட்டில் வெடித்துச் சிவந்த மணிகளைக் காட்டிக்கொண்டு நின்றது. நம் பக்கம் பருத்தி வெடிப்பதைப் போல, சத்தமில்லாமல்.

ஒலிவா அவற்றைப் பறித்து, வெடிப்பு மேலே தெரியும்படி கூடையில் அடுக்கிக்கொண்டு பள்ளத்தூருக்கு இறங்கினாள். கூவவில்லை. சந்தை ஓரமாகக் கூடையை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம்வரை ஒருவரும் வரவில்லை. பிறகு தெயோராவின் மகள் வந்தாள், குனிந்து பார்த்தாள், ஒரே ஒரு மணியை நகத்தால் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அவள் தாய் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

அன்று தொட்டுத்தான் மாதுளை பழுத்தால் கொம்பிலேயே வெடிக்கிறது. யார் தண்ணீர் ஊற்றினாலும் பேசுவதில்லை. அந்த மேற்கு நாட்டிலோ பழத்துக்கும் குண்டுக்கும் இன்றைக்கும் பெயர் ஒன்றுதான். அங்கே யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சொன்னவர் கையைத்தான் பார்க்கிறார்கள்.