அலசினால் குறையும் அளவு

ஏகாம்பரத்துக்கு நாற்பத்தேழு வயது. அவருடைய குரு ஷமீமாவுக்கு முப்பத்தாறு. செய்யாற்றுக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிந்த ஏகாம்பரத்துக்கு வாய்த்த வழிகாட்டி அவர். அவர் இவரை 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார். ஆறு வருடமாக மரியாதைக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் ஆராய்ச்சியில்தான்.

செப்புத் தகட்டை ஒரு பாலிமர் கரைசலில் முக்கி, நீரில் அலசி, இன்னொரு கரைசலில் முக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கு ஏறும். இருபது அடுக்கு ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது, ஒளி பாய்ச்சி அளக்கும் கருவிதான் சொல்லும். அந்தப் படலம் உப்புத் தண்ணீரிலிருந்து செம்பைக் காக்க வேண்டும்.

ஏகாம்பரத்தின் படலம் அறுபத்துநான்கு நானோமீட்டர். ஆய்வகத்திலேயே அதிகத் தடிமன் அதுதான். ஆனால் உப்புத் தண்ணீரில் போட்ட இரண்டாம் நாளே செம்பில் களிம்பு ஏறிவிட்டது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி அவகாசத்தில் பன்னிரண்டு நாள்தான் மிச்சம். தவறினால் பதிவே ரத்து. பாவம், மனிதர் சரியாகச் சாப்பிட்டே ஒரு வாரம் ஆகியிருந்தது.

"இன்னும் இருபது அடுக்கு ஏத்தட்டுமா மேடம்?"

"முதல்ல ஒண்ணு ஏத்துங்க சார். பார்க்கிறேன்."

ஏகாம்பரம் தகட்டை முக்கி எடுத்தார். நீரில் காட்டியும் காட்டாமலும் அடுத்த கரைசலுக்குக் கொண்டுபோனார்.

"அலசலையே?"

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அலசினா அளவு குறையுது மேடம்."

ஷமீமாவுக்குக் கோபம் வரவில்லை. இந்த மனிதர் எத்தனை நாளாக இதை மனசுக்குள் வைத்துப் புழுங்கினாரோ என்றுதான் இருந்தது.

உப்புத் தண்ணீரில் போடாத அறுபத்துநான்கு நானோமீட்டர் தகடு ஒன்று பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஷமீமா அதை எடுத்தார்.

"மேடம், அது ஒண்ணுதான்..."

"தெரியும் சார்."

மூன்று முறை தண்ணீர் மாற்றி நிதானமாக அலசினார். உலர்த்திக் கருவியில் வைத்தார். திரையில் பதினொன்று என்று வந்தது.

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆறு வருஷத்துக்கு இவ்ளோதானா மேடம்?"

"ஒட்டினது இவ்ளோதான் சார். மத்ததெல்லாம் சும்மா கூட நின்னது."

இடுக்கியில் பிடித்தபடியே தகட்டை அவரிடம் நீட்டினார்.

"இது மேல கட்டுங்க. பன்னிரண்டு நாள் தாராளம்."