இரு, ஆச்சு

அந்தக் காலத்தில், காட்டில் எல்லா உயிர்களும் பேசிக்கொண்டிருந்தபோது, மலைக்காட்டின் பெரிய அலகுப் பறவைக்கு இப்போதிருக்கும் பெயர் கிடையாது. அலகின் மேல் கிரீடம் போல் ஒரு முடி இருந்ததால் அந்த ஆண் பறவையை முடியன் என்றார்கள். எதையும் முடிக்காதவனுக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள். அவன் மனைவி நாவலி.

முந்தின வருஷம் அவர்களுடைய மரப்பொந்தில் உடும்பு புகுந்து முட்டைகளை விழுங்கிவிட்டது. நாவலி பல நாள் இரை எடுக்கவில்லை. இந்த வருஷம் முட்டையிடும் முன்பே பொந்தின் வாயை மண் பூசிச் சிறியதாக்கிவிட வேண்டும் என்றாள். ஓடைக்கரையிலிருந்து மண் கொண்டுவருவது அவன் வேலை, பூசுவது அவள் வேலை என்று பேச்சு.

தினமும் காலையில் அவள் கேட்பாள், "ஏங்க, தயாரா?"

"நான் எப்பவோ தயார்."

அவள் தயாரா என்றால் மண் வந்துவிட்டதா என்று பொருள். அவன் தயார் என்றால் போக மனசு வந்துவிட்டது என்று பொருள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் வேறு வேறு வீட்டில் குடியிருந்தார்கள். அவள் மறுபடி கேட்டால், அத்திமரத்தில் இருந்தபடியே, "இரு, ஆச்சு" என்பான். வாயில் பழம் இருக்கும். பக்கத்து மரத்து மலையணில்கூட அவனைப் போலவே "இரு, ஆச்சு" என்று சொல்லிக் கேலி செய்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

பொந்தின் வாய் பாதி அடைபடுவதற்குள் நாவலி இரண்டு முட்டை இட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை மலையணில் மேலிருந்து கத்தியது. மரத்தடியில் உடும்பு. நாவலி எட்டிப் பார்த்தாள். அது அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. வழி தெரிந்த உடும்பு. அவள் முடியனைக் கூப்பிட்டாள். அத்திமரத்திலிருந்து குரல் வந்தது.

"இரு, ஆச்சு."

மரப்பட்டையில் நகம் கீறும் சத்தம் நெருங்கியது. அவள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதே பதில்தான். பிறகு பொந்தின் வாய் இருண்டது. உடும்பு தலையை உள்ளே நீட்டியது. நாவலி கொத்தினாள். அது கண்ணை மூடிக்கொண்டு ஒரு முட்டையைக் கவ்வியபடி கிளைக்குப் போய்விட்டது.

அது தின்று முடிக்கும் வரைதான் அவளுக்கு நேரம். அழவும் அவளுக்கு நேரமில்லை. மண்ணும் இல்லை. பொந்துக்குள் கிடந்த தன் எச்சத்தையும், அழுகிய பழச்சதையையும், மரத்தூளையும் அலகால் குழைத்து உள்ளிருந்தே அப்பினாள். ஒட்டாமல் விழுந்ததை எடுத்து மறுபடி அப்பினாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஓர் அலகு நுழையும் பிளவு மட்டும் மிஞ்சியது.

உடும்பு திரும்பி வந்தது. பிளவு வழியாக அதன் நாக்கு உள்ளே வந்து துழாவியது. நாவலி முட்டையை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். நாக்கு முன்னே வந்தபோது பலம்கொண்ட மட்டும் கடித்தாள். உடும்பு சறுக்கிக் கீழே விழுந்து புதருக்குள் ஓடியது.

முடியன் வந்தபோது அவன் அலகில் உண்மையிலேயே மண் இருந்தது. சுவரையும் கிளையில் ஒட்டியிருந்த மஞ்சள் கருவையும் பார்த்தான். மண் கீழே விழுந்தது. அழுதுகொண்டே, உள்ளே வரட்டுமா என்று கேட்டான்.

பிளவுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள், "இருங்க. இன்னும் ஆகல."

எப்போது ஆகும் என்று கேட்டான்.

"குஞ்சுக்கு இறகு முளைக்கட்டும். அதுவரைக்கும் பழம் கொண்டு வாங்க. தயார்னு சொல்ல வேண்டாம். கொண்டு வாங்க."

காடு அவன் சொல்லையே அவன் குலத்துக்குப் பெயராக வைத்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான், பெண் இருவாச்சி தன்னை உள்ளே வைத்துப் பொந்தைப் பூசிக்கொள்வதும், ஆண் வெளியே நின்று பிளவு வழியாகப் பழம் ஊட்டுவதும். இன்றைக்கும் அவன் பழத்தோடு வந்து உட்காருவான், ஒவ்வொன்றாக நீட்டுவான், ஆச்சு என்று மட்டும் சொல்ல மாட்டான்.